முன்னும் பின்னும் படம் இணைக்கவும்

அநியாயம் நடந்தது எனக்கு. செய்தவள் சங்கரகோமதி. மூன்று வருடம் ஹாஸ்டலில் ஒரே அறையில் என்னோடு இருந்தவள், நாங்கள் சேர்ந்து கட்டிய வீட்டை அச்சு அசலாக நகலெடுத்து அடுத்த மனையில் வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த அத்தனை பேரையும் அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வழக்கு இவ்வளவுதான் அக்கா. "ஏம்மா அழுற?" என்று கேட்டீர்கள் இல்லையா, ஒரு வரியில் சொல்ல வேண்டுமென்றால் இதுதான். ஆனால் ஒரு வரியில் நிறுத்துகிற ஆள் நானில்லை. பட்டிமன்றத்தில் மணி அடித்த பிறகும் பேசுகிறவள் என்று டிபார்ட்மென்ட்டில் எனக்குப் பெயர்.

முதலில் ஒன்று, நான் அழவில்லை. ஜன்னல் காற்று. சரி, கொஞ்சம் அழுதேன். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறியதிலிருந்து இந்தப் போனையே பார்த்துக்கொண்டு வருகிறேனே, இதில் ஒரு பதில் வர வேண்டும். கோமதியிடமிருந்து. அது வந்தால் நான் சரியாகிவிடுவேன். நீங்கள் எட்டயபுரத்தில்தானே இறங்க வேண்டும்? அதற்குள் வந்துவிடும். வராமல் எங்கே போகிறது.

வீடு என்றால் நிஜ வீடு இல்லை அக்கா. மென்பொருள். ‘செவி’ என்று பெயர். எங்கள் யுனிவர்சிட்டி நூலகத்தில் பார்வையற்ற மாணவர்களுக்குப் புத்தகம் வாசித்துக் காட்ட ஆள் கேட்பார்கள். நானும் கோமுவும் போவோம். எனக்குப் பொருளாதார வரலாறு, அவளுக்கு இலக்கணம். தொண்டை கட்டிப்போய் அறைக்கு வந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவள்தான் சொன்னாள்: "ஏட்டி ஆக்னி, நம்ம தொண்டைக்குப் பதிலா கம்ப்யூட்டருக்கு ஒரு தொண்டை இருந்தா என்ன?"

என் பெயர் ஆக்னஸ். அவள் மட்டும் ஆக்னி என்பாள். கோபம் வந்தால் எரிகிறேனாம்.

அப்படித் தொடங்கியது. புத்தகத்தின் பக்கத்தைப் போனில் படம் எடுத்தால் ‘செவி’ அதைத் தமிழில் வாசித்துச் சொல்லும். நாங்கள் அதை விற்கவில்லை. எழுதிய நிரலையெல்லாம் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் திறந்து வைத்துவிட்டோம். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். யார் வேண்டுமானாலும் "இந்த இடத்தில் தப்பு இருக்கிறது, நான் இப்படித் திருத்தியிருக்கிறேன்" என்று அனுப்பலாம். முன்பின் தெரியாதவர்கள்கூட அனுப்பலாம். நாங்கள் பார்த்து, சரியாக இருந்தால் சேர்த்துக்கொள்வோம்.

கல்யாண வீட்டுச் சமையல் கட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். வருகிற சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சாம்பாரில் ஒரு கை உப்பு போட ஆசை. எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் எல்லாரும் போட்டால் பந்தியில் யார் வாயில் வைப்பது? வாசலில் ஒருத்தி நிற்க வேண்டுமா, வேண்டாமா? நான் நின்றேன். அதுதான் நான் செய்த குற்றம்.

இருங்கள், அதற்கு முன்னால் மெஸ் நோட்டீஸைச் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் உங்களுக்குப் புரியாது.

‘செவி’ முதல்முறையாக வாயைத் திறந்த அன்று சோதித்துப் பார்க்கக் கையில் புத்தகம் எதுவும் இல்லை. கோமு ஓடிப்போய் ஹாஸ்டல் மெஸ் நோட்டீஸைப் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். அதில் இடது பத்தியில் வாரச் சாப்பாடு, வலது பத்தியில் ஹாஸ்டல் விதிகள். எங்கள் ‘செவி’க்கு இரண்டு பத்தி என்பதே தெரியாது. குறுக்கே நேராக வாசித்தது. "திங்கள் காலை இட்லி விருந்தினருக்கு அனுமதி இல்லை. செவ்வாய் பொங்கல் ஜன்னலில் காயப்போடக் கூடாது. புதன் தோசை தாமதமாக வந்தால் பெற்றோருக்குத் தெரிவிக்கப்படும்."

சிரிக்கிறீர்களா? நாங்கள் கட்டிலிலிருந்து விழுந்து சிரித்தோம். அதற்கப்புறம் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் தட்டில் பொங்கல் விழும்போது கோமு என் காதில், "ஜன்னல்ல காயப்போட்றாத, என்ன?" என்பாள். ஒருவாரம்கூட விட்டதில்லை. அந்தக் குறையை மட்டும் எங்களால் ரொம்ப நாள் சரிசெய்யவே முடியவில்லை. நான் சரிசெய்யப் பார்ப்பேன். அவள், "விடுட்டி, சிரிக்கவாது செய்யட்டும்" என்பாள்.

அப்புறம் ஓர் அக்டோபர் மாதம் வந்தது. ஏதோ ஒரு கம்பெனி, இந்த மாதிரி திறந்த மென்பொருளுக்குத் திருத்தம் அனுப்புகிற மாணவர்களுக்குக் கம்பெனி பெயர் அச்சடித்த பனியன் தருவதாக அறிவித்துவிட்டது. வந்தார்கள் பாருங்கள்! எங்கள் அறிமுகப் பக்கத்தில் ஒரு கமாவை எடுத்துவிட்டு ஒருவன் அனுப்புகிறான். அடுத்தவன் அதே கமாவைத் திரும்பப் போட்டு அனுப்புகிறான். ஒருத்தி தன் பெயரையும் காலேஜ் பெயரையும் நடுவில் எழுதி அனுப்புகிறாள். எல்லாம் பனியனுக்கு! நான் ஒவ்வொன்றையும் வேண்டாம் என்று மூடினேன். கோமு என்ன செய்தாள் தெரியுமா? ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து கையால் பதில் எழுதினாள். "தம்பி, கமா அங்கேயே இருக்கட்டும். உங்களுக்கு நேரம் இருந்தால் இந்தப் பிழையைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று.

"நீ என்ன பால்வாடியா நடத்துற?" என்றேன்.

"மொதத் தடவ வாரவன வாசல்லயே கடிச்சு வச்சா மறுக்கா வருவானாட்டி?"

"வர வேணாம்னுதான் கடிக்கிறேன்."

"நீயும் நானும் மொத மொதல்ல எழுதுன லெச்சணத்த யாராவது பாத்திருந்தா, நம்மளயும் கடிச்சிருப்பாவ."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அவள் அதற்குள் அடுத்தவனுக்கு எழுதப் போய்விட்டாள். அவளிடம் இதுதான் பிரச்சினை. வாதத்தைப் பாதியில் விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

அதனால் நான் நெறிமுறை எழுதினேன். நானேதான், தனியாக. முறையாக நடக்க வேண்டும் என்றால் யாராவது எழுதத்தானே வேண்டும்? புதிதாக யார் அனுப்பினாலும் தானாகவே ஒரு வரவேற்பு போகும்படி செய்தேன். அதை எழுத மட்டும் ஒரு சாயங்காலம் ஆனது. "வணக்கம், புதிய நண்பரே. இத்திட்டத்துக்கு இது உங்கள் முதல் பங்களிப்பு. உங்கள் வருகை எங்களுக்கு மகிழ்ச்சி. எங்கள் குழுவில் ஒருவர் பதிலளிப்பார். அதுவரை பொறுத்திருக்கவும்." அழகாக இருக்கிறது இல்லையா? அதற்குப் பிறகு ஒரு படிவம். என்ன மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் திரை எப்படி இருந்தது என்று படம் இணைக்கவும். படம் கட்டாயம். படம் கேட்டால் பனியன்காரர்கள் பாதிப்பேர் ஓடிவிடுவார்கள். ஓடினார்கள்! ஒரு மாதம் அசையாமல் கிடக்கிற எதுவும் தானாக மூடிக்கொள்ளும்படியும் வைத்தேன். வாசல் சுத்தமாகிவிட்டது.

இந்த நேரத்தில்தான் ஹாஜா வந்தார்.

ஹாஜா மைதீன். பெரியகுளத்துப் பக்கம், எம்.ஏ. வரலாறு. யாரென்றே எங்களுக்குத் தெரியாது. ‘செவி’யில் ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் புத்தகத்தின் பெயரும் பக்க எண்ணும் இருக்கும் அல்லவா, வாக்கியம் பாதியில் நின்று அடுத்த பக்கத்துக்குப் போகும்போது அதையும் சேர்த்து வாசித்துவிடும். "மன்னர் தன் தம்பியை, தென்னாட்டு வரலாறு, நூற்றுப் பன்னிரண்டு, சிறையில் அடைத்தார்" என்று வரும். அவர் அதைச் சரிசெய்து அனுப்பியிருந்தார். நல்ல வேலை. நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் படம் இல்லை.

"முன்னும் பின்னும் படம் இணைக்கவும்" என்று எழுதினேன்.

"நான் பார்வையற்றவன் மேடம். திரை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. முன்னும் பின்னும் எப்படிக் கேட்டது என்று சத்தமாகப் பதிந்து அனுப்பட்டுமா?" என்று எழுதினார்.

இப்போது நீங்களே நடுவராக இருந்து சொல்லுங்கள் அக்கா. விதி என்றால் எல்லாருக்கும் ஒன்றுதானே? பார்வை இல்லை என்பதற்காக ஒருவருக்கு மட்டும் தளர்த்தினால், அது அவரைச் சமமாக நடத்துவதா, பரிதாபப்பட்டு நடத்துவதா? நான் அவரைச் சமமாக நடத்தினேன். பக்கத்தில் இருக்கிற யாரையாவது படம் எடுத்துத் தரச் சொல்லலாமே என்று யோசனைகூடச் சொன்னேன்.

அதற்கு அவர் எழுதுகிறார்: "பக்கத்தில் யாரும் தேவைப்படக் கூடாது என்றுதானே மேடம் நீங்கள் இந்த மென்பொருளைச் செய்தீர்கள்? கண் தெரியாதவனுக்குக் கட்டிய வீட்டில் நுழைய கண் கட்டாயமா?"

வாதம் நன்றாகத்தான் இருந்தது. மேடையில் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பேன். ஆனால் கேலி செய்தால் விதி மாறிவிடுமா? நான் பதில் எழுதவில்லை. ஒரு மாதம் ஆனது, அது தானாக மூடிக்கொண்டது. நான் மூடவில்லை அக்கா, அதைக் கவனியுங்கள். தானாக மூடிக்கொண்டது.

அந்த வாரம் நான் கோயம்புத்தூரில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். ‘செவி’யைப் பற்றித்தான் கட்டுரை. ‘அனைவரையும் உள்ளடக்கும் மென்பொருள்’ என்று தலைப்பு. நல்ல வரவேற்பு. திரும்பி வந்து பார்த்தால், கோமு அதைத் திறந்து, ஹாஜாவிடம் அந்தச் சத்தப் பதிவை வாங்கிக் கேட்டு, "அருமை" என்று ஒரு வார்த்தை எழுதி, சேர்த்தே விட்டிருக்கிறாள்! படம் இல்லாமல்! என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்!

"கேட்டா நீ வேண்டாம்ப" என்றாள்.

"அதுக்குப் பேர்தான் கேக்கறது."

நான் அதை எடுத்துவிட்டேன். வெளியே எடுத்தேன் என்றால், மாற்றத்துக்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிட்டேன். "இப்பத்தான் ஒழுங்காக் கேட்டுச்சு, திரும்ப நடுவுல நம்பர் சொல்லுது" என்று ஆட்கள் எழுதினார்கள். நடைமுறை முடிந்ததும் வரும் என்று பதில் போட்டேன். பிறகு ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். என் ஒப்புதல் இல்லாமல் எதுவும் உள்ளே சேராது என்று. கோமு எழுதியதும் சேர்த்து.

அவள் அன்றைக்குத் தலை துவட்டிக்கொண்டு நின்றாள். துண்டு கையிலேயே இருந்தது.

"ஏட்டி, எனக்கே பூட்டா?"

"பூட்டு இல்ல. நடைமுறை. எல்லாருக்கும் பொது."

"அப்ப நீ எழுதுறத யாரு பாப்பா?"

"நான் எழுதும்போதே பாத்துக்கிட்டுத்தானே எழுதுறேன்?"

அதில் என்ன தவறு? நீங்களே சொல்லுங்கள். இல்லை, இப்போது சொல்ல வேண்டாம், முழுவதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அவள் சண்டை போட்டிருக்கலாம். போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன், அது அவளுக்கும் தெரியும். துண்டைக் கொடியில் போட்டாள். அந்த வாரக் கடைசியில் வார்டனிடம் எழுதிக்கொடுத்துவிட்டு எதிர் பிளாக்குக்குப் போய்விட்டாள். போகும்போது வாளி, கம்பளி, அவளுடைய கெட்டில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். வெந்நீர் வைக்கிற கெட்டில் அவளுடையது. "கெட்டில் வேணுமாட்டி?" என்று கேட்டாள். "எனக்கு எதுக்கு?" என்றேன்.

அதற்கப்புறம்தான் நகல். எங்கள் பாஷையில் ஃபோர்க் என்போம். ‘செவி’யின் அத்தனை வரிகளையும் அப்படியே எடுத்து, தனியாக வைத்து, அதில் ஹாஜாவின் திருத்தத்தை முதலில் சேர்த்தாள். அதற்குப் பெயர் ‘காது’. காது! நான் எவ்வளவு யோசித்துச் ‘செவி’ என்று வைத்தேன். அவள் காது என்று வைக்கிறாள். ரசனையைப் பாருங்கள்.

சட்டப்படி எடுக்கலாம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று உரிமம் போட்டவளே நான்தான். அதை எல்லோரும் என்னிடம் சொல்லிவிட்டார்கள். சட்டத்தைப் பற்றி யார் பேசினார்கள்? எல்லாவற்றுக்கும் விதியைக் காட்டினால் மனசு என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

போய்விட்டார்கள் அக்கா, எல்லாரும். நூலகத்தில் எங்களிடம் பாடம் கேட்ட பிள்ளைகள், வெளியூர்க்காரர்கள், நான் மூடிவிட்டவர்கள், எல்லாரும். அந்த ‘கமா’ பையன்கூட அங்கே இருக்கிறான். ஏதோ உருப்படியாகச் செய்கிறானாம். என்னுடைய ‘செவி’யில் இப்போது ஒரு நிலுவைகூடக் கிடையாது. வரிசை காலி. நாட்டிலேயே இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிற திட்டம் இருக்காது. காலையில் எழுந்து திறந்து பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. சாயங்காலமும் திறந்து பார்ப்பேன்.

இன்னொன்று சொல்கிறேன், அதைக் கேட்டால் உங்களுக்கே கோபம் வரும். ‘காது’ திட்டத்தின் முதல் பக்கத்தில், ‘தொடங்கியவர்கள்: ஆக்னஸ், சங்கரகோமதி’ என்று போட்டிருக்கிறாள். என் பெயரை முதலில். அவளை யார் போடச் சொன்னார்கள்? இருந்து வாழாத வீட்டில் என் படத்தை மாட்டி மாலை போடுகிற மாதிரி இல்லையா அது?

முறுக்கு வேண்டாம் அக்கா. இல்லை, சாப்பிட்டேன். சரி, ஒன்று கொடுங்கள்.

மெஸ்ஸில் தூரத்தில் உட்காருவாள். செவ்வாய்க்கிழமை பொங்கல் வாங்கிக்கொண்டு போகும்போது நான் பார்ப்பேன். அவள் திரும்பினால் நான் ரசம் எடுக்கப் போய்விடுவேன். பொங்கலுக்கு எவளாவது ரசம் எடுப்பாளா? எடுத்தேன்.

பரீட்சை முடிந்தது. எல்லாரும் காலி செய்தோம். அவள் எனக்கு முன்னாலேயே சங்கரன்கோவிலுக்குப் போய்விட்டாள். சொல்லிக்கொள்ளவில்லை. நானும் கதவைத் திறக்கவில்லை, அது வேறு.

தனியாக அந்த அறையில் உட்கார்ந்து நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு பத்திக் குறையைச் சரிசெய்தேன். முழுசாக. பத்தியைப் பிரித்து, இடதை முதலில் முடித்து, பிறகு வலதுக்குப் போகும். பத்திரிகை, பழைய ஆண்டு மலர்கள், எதைக் கொடுத்தாலும் வாசிக்கும். அதைச் ‘செவி’யில் சேர்த்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?

அதனால் இன்று காலை, பெட்டி கட்டிவிட்டு, அதை ‘காது’க்கு அனுப்பினேன்.

மன்னிப்புக் கேட்டாயா என்கிறீர்களா? யாரிடம்? எதற்கு? நான் திருத்தம் அனுப்பினேன் அக்கா, இதைவிட ஒருத்தி என்ன இறங்கி வர முடியும்? அங்கே படிவம்கூட இல்லை. "என்ன செய்தீர்கள் என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று ஒரே வரிதான் போட்டிருக்கிறாள், ஒழுங்கில்லாமல். நான் முறைப்படி விளக்கம் எழுதினேன். முன்னும் பின்னும் படம் இணைத்தேன். சோதித்துப் பார்த்த பக்கமாக எதை வைத்தேன் தெரியுமா?

மெஸ் நோட்டீஸை.

ஆயிரம் பக்கம் இருந்தது என்னிடம். அதை வைத்தேன். முதல் படத்தில் குறுக்கே ஓடுகிற வரி. செவ்வாய், பொங்கல், ஜன்னல். அடுத்த படத்தில் எல்லாம் ஒழுங்காக. சாப்பாடு சாப்பாடாக, விதி விதியாக. அதைப் பார்த்தால் கோமுவுக்குப் புரியும். வேறு எவருக்கும் புரியாது, அவளுக்கு மட்டும் புரியும். இதற்குமேல் ஒரு வார்த்தை எழுதினால் எனக்கு அசிங்கம், எழுதாவிட்டால் அவளுக்குப் புரியாமல் போகுமோ என்று பயம். அதனால் படம்.

அனுப்பிய அந்த நொடியே பதில் வந்தது. திறந்தேன்.

"வணக்கம், புதிய நண்பரே. இத்திட்டத்துக்கு இது உங்கள் முதல் பங்களிப்பு."

நான் எழுதியது அக்கா. நான் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதியது. நகல் எடுத்தபோது அதுவும் கூடவே போயிருக்கிறது. அவள் மாற்றவே இல்லை. "அதுவரை பொறுத்திருக்கவும்." அந்த வார்த்தைகூட என்னுடையது. ‘கொஞ்சம் இருங்க’ன்னு போடுட்டி என்று அவள் அப்போதே சொன்னாள், நான்தான் கேட்கவில்லை. என்னைப் புதிய நண்பரே என்கிறது. என்னை! இதற்குத்தான் அழுதேன். போதுமா?

அது இயந்திரம், தெரியும். மனுஷி இன்னும் பதில் சொல்லவில்லை. அருப்புக்கோட்டை தாண்டினோம், பந்தல்குடி தாண்டினோம். படத்தைப் பார்த்திருப்பாள். பார்த்ததும் முதலில் சிரிப்பாள், எனக்குத் தெரியும். "ஏட்டி ஆக்னி" என்று தொடங்குவாள். "ஏட்டி ஆக்னி, ஜன்னல்ல காயப்போட்டுட்டியா?" இப்படி ஏதாவது. நான் உடனே பதில் போடமாட்டேன். கொஞ்சம் காக்கவைப்பேன். தூத்துக்குடி போய் இறங்கி, சாப்பிட்டுவிட்டு, அப்புறம் போடுவேன். இல்லை, அவ்வளவு நேரம் வேண்டாம்.

வந்துவிட்டது.

வந்துவிட்டது அக்கா! இருங்கள், பையை எடுக்காதீர்கள், ஸ்டாப் இன்னும் வரவில்லை. ஒரு நிமிஷம். பஸ் குலுக்கலில் திறக்கவே மாட்டேன் என்கிறது.

கோமு இல்லை.

ஹாஜா. ஹாஜா மைதீன். அங்கே வருகிறதையெல்லாம் பார்த்துச் சேர்க்கிறவர் அவர்தானாம். வாசலில் அவரை நிறுத்தியிருக்கிறாள். நீங்களும் கேளுங்கள், வாசிக்கிறேன், ஒரு வார்த்தை விடாமல் வாசிக்கிறேன்.

"வணக்கம் ஆக்னஸ் மேடம். திருத்தம் வந்தது, மிக்க நன்றி. ரொம்ப நாளாக எல்லாரும் கேட்டது இது. படங்கள் இணைத்திருக்கிறீர்கள், என்னால் பார்க்க இயலாது. என்ன படம் என்று கோமதியிடம் கேட்டேன், ஏதோ மெஸ் நோட்டீஸ் என்றாள். முன்னும் பின்னும் எப்படிக் கேட்கிறது என்று சத்தமாகப் பதிந்து அனுப்ப முடியுமா? அவசரமில்லை. இங்கே எதுவும் தானாக மூடிக்கொள்ளாது."